நான்கு ஆண்டா, எட்டு ஆண்டா: தீயணைப்புக் கூடத்தில் நாளை நான் பேசப்போவது

இந்தத் தாள் உங்கள் கையில் கிடைத்தால் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். நாளை சனிக்கிழமை, தீயணைப்புப் படை ஊருக்குப் பான்கேக் விருந்து போடும் நாள், காலை பத்து மணி வரைக்கும் போதும். அதற்குப் பிறகு இதை நானே ஊர் முன்னால் வாசித்திருப்பேன். இல்லையென்றால் பயந்துபோய், பெவ் அத்தை எழுதிக்கொடுத்த பேச்சை வாசித்திருப்பேன். அப்படி நடந்தால் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள். முக்கியமாக நீதிபதி கர்டிஸ் ஸ்டென்ஸ்ருட்டிடம் காட்டிவிடாதீர்கள். அவர் என் அப்பா. இரண்டு அறை தள்ளித்தான் படுத்திருக்கிறார்.

பேச்சு இப்படித் தொடங்கும்:

பேரன்பும் பெருந்தன்மையும் பெரிய தோசைக்கல்லும் கொண்ட கூட்டத் தலைவர், நம் தன்னார்வத் தீயணைப்புப் படையின் தளபதி திரு. டுவேன் க்ருகர் அவர்களே! ஒரே மூச்சில் முப்பது பான்கேக்குகளைத் திருப்பிப்போடும் ஆற்றல்மிக்க படைவீரர்களே! எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசையை எவருக்கும் விட்டுக்கொடுக்காத பெரியோர்களே! மேப்பிள் பாகு தீர்ந்துவிடுமோ என்ற கவலையை மறைத்துக்கொண்டு எனக்காகத் தலையசைக்கும் தாய்மார்களே! நான் வாய் திறக்கும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்ட பதினொன்றாம் வகுப்புத் தோழர்களே, தோழியரே! மாவு கலக்கும் இடத்தில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்கவே பயப்படும் என் அம்மா அவர்களே! முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மாண்புமிகு நீதிபதி அவர்களே! அவர் பக்கத்தில் அமர்ந்து, நான் ஒரு வரி தவறினாலும் உதட்டசைத்து எடுத்துக்கொடுக்கக் காத்திருக்கும் என் அத்தை பெவ் அவர்களே! உங்கள் அனைவருக்கும் மாரிட் ஸ்டென்ஸ்ருட்டின் காலை வணக்கம்.

அத்தை, உதட்டை அசைக்க வேண்டாம். இது நீங்கள் எழுதிய பேச்சு அல்ல.

மிஸ்டர் க்ருகர், "சத்தமாப் பேசும்மா" என்கிறீர்களா? எல்லோரிடமும் அதைத்தான் சொல்வீர்கள். போன வருடம் ஒலிபெருக்கி வைத்திருந்தவரிடமே சொன்னீர்கள். பேசுகிறேன்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு இது. நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நீதிபதிகளின் பதவிக்காலம் நம் மாநிலத்தில் இன்று நான்கு ஆண்டு. அதை எட்டு ஆண்டாக்கலாமா என்று நவம்பர் ஐந்தாம் தேதி வாக்குச்சீட்டில் நம்மைக் கேட்கப் போகிறார்கள். அதே சீட்டில், அதே பக்கத்தில், ஒரு விரற்கடை கீழே, என் அப்பாவின் பெயர் இருக்கும். எட்டு ஆண்டு வேண்டும் என்று பேச என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நீதிபதியின் மகள் நீதிபதிகளுக்கு இரட்டிப்புக் காலம் கேட்கிறாள். பேக்கரிக்காரரின் மகள் வந்து, உடம்புக்கு நல்லது, ஆளுக்கு இரண்டு கேக் சாப்பிடுங்கள் என்று சொல்வதைப் போல.

ஆனாலும் இதைப் பேச என்னைவிடத் தகுதியானவள் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. ஏன் தெரியுமா? நான் தேர்தல் ஆண்டில் பிறந்தவள். தேர்தல் ஆண்டிலேயே வளர்ந்தவள். ஐந்து மாதக் குழந்தையாகத் துண்டறிக்கையில் வந்தேன்; அழுதுகொண்டிருந்தேன்; நீதிக்காக அழுகிறேன் என்று அடியில் அச்சிட்டார்கள். நான்கு வயதில் ஊர்வல வண்டியில் ஏற்றி, கூட்டத்துக்கு மிட்டாய் வீசச் சொன்னார்கள். நான் வீசவில்லை, தின்றேன். எட்டு வயதில் எங்கள் வீட்டுக்கு நாய் வந்தது. குடும்பப் படத்தில் ஒரு மூலை காலியாக இருக்கிறது என்று அத்தை சொன்ன மறுநாள் வந்தது. பன்னிரண்டு வயதில் படம் எடுத்தபோது பல்லில் கம்பி போட்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள். முயன்று பாருங்கள். மாவட்டத்தின் ஒவ்வொரு வேலியிலும் வயிற்றுவலிக்காரியாகத் தொங்கினேன்.

மற்ற வீடுகளில் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம். எங்கள் வீட்டில் இரண்டே பருவங்கள். தேர்தல் ஆண்டு ஒன்று. அப்பா புல்வெட்டும்போதுகூட இஸ்திரி போட்ட கால்சட்டை போடுவார். மற்ற ஆண்டு ஒன்று. அப்பா எங்கள் அப்பாவாக இருப்பார்.

சிரியுங்கள், பரவாயில்லை. அப்பாகூடச் சிரிப்பார். இந்த இடம் வரைக்கும் சிரிப்பார் என்று நினைக்கிறேன்.

இப்போது ஒரு படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்ராய் டெஷ் அவர்களின் மிதவைப் படகு. மிஸ்டர் டெஷ், கையை உயர்த்திக் காட்ட வேண்டாம், உங்களை எல்லோருக்கும் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மே மாதத்தில், பிராக் லுண்ட் என்கிற பையன் அந்தப் படகைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனான். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினான். திரும்பி வரும்போது படகுத்துறையில் மோதி, துறையையும் உடைத்தான், படகையும் உடைத்தான். வழக்கு அப்பாவிடம் வந்தது. அப்பா கேட்டார்:

"உனக்குப் படகு ஓட்டத் தெரியலைன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. கோடாலி பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாது, சார்."

"ஏப்ரலுக்குள்ள தெரிஞ்சிடும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க, வாரம் இரண்டு நாள், மிஸ்டர் டெஷ் வீட்டுக்குப் போய் பிராக் விறகு பிளந்தான். தண்டனை முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போகிறான். "பய கோடாலி பிடிக்கக் கத்துக்கிட்டான், சீட்டு விளையாடத்தான் இன்னும் வரலை" என்று மிஸ்டர் டெஷ் பெட்ரோல் பங்கில் எல்லோரிடமும் சொல்கிறார். அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பள்ளி விவாத மன்றத்தில் பேசி நான் பரிசு வாங்கினேன். அப்பாவின் நீதியை வைத்து மகள் கோப்பை வாங்குவது நியாயமா என்று யாரும் கேட்கவில்லை.

இந்த ஆண்டு ஆகஸ்டில் அதே படகை வேட் பெக்கலா எடுத்தான். வயது பத்தொன்பது. அதே ஏரி, அதே சுற்று, திரும்பும்போது அதே துறையில் அதே இடி. அந்தத் துறையைப் பத்தடி தள்ளிக் கட்டினால் இந்த ஊரில் குற்றமே இருக்காது என்கிறார் மிஸ்டர் டெஷ். ஜெயில் வேண்டாம், விறகு தீர்ந்துபோயிற்று, எனக்கு அவனை அனுப்புங்கள் என்று நீதிமன்றத்துக்குக் கையால் கடிதமும் எழுதினார்.

ஆனால் அதற்கு முன்பே, ஜூலையில், ஒரு துண்டறிக்கை வந்திருந்தது. அப்பாவை எதிர்த்து நிற்பவரின் துண்டறிக்கை. அதில் ஒரே ஒரு படம். அடுக்கிவைத்த விறகு. கீழே ஒரே ஒரு வரி: "இதுதான் ஸ்டென்ஸ்ருட்டின் சிறைச்சாலை."

நீங்கள் எல்லோரும் அதைப் பார்த்தீர்கள். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், அது நன்றாகத்தான் இருந்தது. அப்பா மட்டும் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இனி நான் சொல்லப்போவது ஊரறிந்த ரகசியம். தேர்தல் ஆண்டு வந்தால், செப்டம்பர் பிறந்தால், நம் வழக்கறிஞர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பல்வலி வரும். ஒருவர் பல் பிடுங்கப் போவார். ஒருவர் மான் வேட்டைக்குப் போவார். ஒருவருக்குச் சோளம் அறுக்க வேண்டியிருக்கும், அவருக்கு நிலமே கிடையாது. எல்லோரும் வழக்கைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள், நவம்பர் நடுவுக்குப் பிறகு. அதற்கு நீதிமன்ற நடையில் ஒரு பெயர் உண்டு: "பனி விழட்டும்." பனி விழட்டும் என்றால் தேர்தல் முடியட்டும். தேர்தல் முடியட்டும் என்றால் நீதிபதி மனிதராகட்டும். முப்பத்தொரு ஆண்டுகளாக அங்கே எழுத்தராக இருக்கும் லாவெர்ன் டீட்ஸ், ஒவ்வொரு மனுவிலும் முத்திரை குத்திக்கொண்டே சொல்வார்:

"இந்த மாசத்துல ஏழாவது கடைவாய்ப் பல்லு. இந்த ஊர்ல வக்கீலுக்கெல்லாம் இனி கஞ்சிதான்."

வேட் பெக்கலாவின் வழக்கறிஞர் மட்டும் இந்த ஊருக்குப் புதியவர். டெவின் ஓக்ஸ். ஜூனில்தான் நகரத்திலிருந்து வந்தார். பனி விழட்டுமே என்று மற்றவர்கள் அவரிடம் ஜாடையாகச் சொன்னார்கள். "எதுக்கு? ஏரி உறைஞ்சாத்தான் சாட்சியம் கிடைக்குமா?" என்று கேட்டாராம். நேரடியாக விளக்கிச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. எப்படிச் சொல்வது? நம் நீதிபதிக்கு அக்டோபரில் வேறு முகம் என்று யார் வாயால் சொல்வது?

வேட்டின் அம்மாவுக்குத்தான் குழப்பம். ரோண்டா பெக்கலா. நம் பள்ளி உணவுக்கூடத்தில் மசித்த உருளைக்கிழங்கு பரிமாறுகிறவர். செப்டம்பர் கடைசியில் ஒருநாள், வரிசையில் எனக்குப் பின்னால் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கரண்டியைப் பிடித்தபடியே குனிந்து கேட்டார்.

"மாரிட், உங்கிட்ட ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதே."

"கேளுங்க, மிசஸ் பெக்கலா."

"எல்லாரும் பனி விழட்டும், பனி விழட்டும்ங்கறாங்க. வக்கீல் தம்பி இப்பவே முடிச்சிடலாம்ங்குது. உங்க அப்பாவை உனக்குத் தெரியும். நீ சொல்லு. காத்திருக்கணுமா?"

அவையோரே, அந்த இடத்தில் ஒரு நல்ல பெண் என்ன செய்திருப்பாள்? எனக்குத் தெரியாது என்று சொல்லியிருப்பாள். ஓர் ஊமைப் பெண் என்ன செய்திருப்பாள்? பேசாமல் இருந்திருப்பாள், அதுவே போதுமாக இருந்திருக்கும். ஆனால் கேட்டது என்னிடம். விவாத மன்றக் கோப்பை வாங்கியவளிடம். நான் தட்டைக் கீழே வைத்தேன். முதுகை நிமிர்த்தினேன். சொன்னேன்:

"எங்க அப்பா வானிலை அறிக்கை பாத்துத் தீர்ப்பு சொல்றவர் இல்ல, மிசஸ் பெக்கலா."

எவ்வளவு அழகான வாக்கியம். எவ்வளவு எடுப்பான, எதுகையில்லாமலே எடுபடுகிற வாக்கியம். சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தேன். ரோண்டாவின் முகம் தெளிந்துவிட்டது. "அப்படியா? நீயே சொல்றேன்னா சரி" என்றார். மறுநாள் டெவின் ஓக்ஸிடம் போய், முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்குத் தெரியாதா? தெரியும். இஸ்திரி போட்ட கால்சட்டையைப் பார்த்தவள் நான். சட்டைப்பையில் மடித்து வைத்த துண்டறிக்கையைப் பார்த்தவள் நான். ஐந்து அக்டோபர்களை ஒரே கூரையின் கீழ் கழித்தவள் நான். தெரியும் என்று எனக்கே சொல்லிக்கொள்ளாமல் இருக்கத்தான் அவ்வளவு அழகான வாக்கியம் தேவைப்பட்டது.

அக்டோபர் இரண்டாம் தேதி வேதியியல் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போனேன். மிஸ்டர் ஹாலண்ட், அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். அப்பாவின் இன்னொரு நல்ல தீர்ப்பைக் கேட்டு, இன்னொரு கோப்பை வாங்கலாம் என்று போனேன். அப்பா மிஸ்டர் டெஷ்ஷின் கடிதத்தை வாசித்தார். வாசித்ததை ஓரமாக வைத்தார். நூற்று எண்பது நாள், மாவட்டச் சிறை என்றார்.

படகு மாறியதா? இல்லை. ஏரி மாறியதா? இல்லை. துறை மாறியதா? பத்தடிகூட மாறவில்லை. பறிகொடுத்தவர் மாறினாரா? பையனை அனுப்புங்கள் என்று கெஞ்சினார். சுவரில் தொங்கிய நாட்காட்டி ஒன்றுதான் மாறியிருந்தது.

ரோண்டா பெக்கலா அழவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. பின்வரிசையில் என்னைத் தேடிப் பார்த்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அத்தைக்கு நல்ல உற்சாகம். அத்தை, மன்னியுங்கள், சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நூத்தியெண்பது நாள். இனி அவங்க அந்த விறகுப் படத்தை அடுப்புலதான் போடணும்."

"பெவ், உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு," என்றார் அப்பா. அத்தை தள்ளினார். அப்பா தட்டில் போட்டுக்கொண்டார். சாப்பிடவில்லை. "அந்தப் பையனுக்கு வயசு என்ன?" என்று கேட்டார்.

"பத்தொம்பது. ஃபைல்லயே இருந்துச்சே, கர்டிஸ்."

"தெரியும். சும்மா கேட்டேன்."

அதுதான் என் அப்பா. அவரைக் கொடியவர் என்று நான் சொல்லவில்லை. யாராவது அப்படிச் சொன்னால் இந்த மேடையிலிருந்து குதித்து வந்து சண்டை போடுவேன், மேடை நான்கடி உயரம்தான். அவர் பயந்தார். அவ்வளவுதான். அவரைப் பயமுறுத்தியவர்கள் யார்? விறகுப் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் யார்? நீங்கள். நான்.

வேட் ஜனவரியில் மின்கம்பி வேலைப் பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டும். இரண்டு ஆண்டு காத்திருந்து கிடைத்த இடம். மார்ச் கடைசியில்தான் வெளியே வருவான். இடம் காத்திராது. அடுத்த திங்கட்கிழமை ரோண்டா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து வரிசையில் நின்றேன். திட்டவில்லை. எப்போதும் போல உருளைக்கிழங்கு வைத்தார். குழம்பைக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினார். "சனிக்கிழமை பேசறியாமே. நல்லாச் சாப்பிட்டுப் போ" என்றார். அந்தக் குழம்பை நான் எப்படி விழுங்குவது என்று நீங்கள் சொல்லுங்கள்.

நேற்று பள்ளி விட்டதும் லாவெர்னிடம் போய்க் கேட்டேன்.

"தீர்ப்பை மாத்தவே முடியாதா?"

"முப்பது நாளுக்குள்ள நீதிபதியே மாத்தி எழுதலாம். முப்பத்தொண்ணாம் நாள் ஆண்டவனே வந்து கேட்டாலும் நான் முத்திரை குத்த மாட்டேன்."

"மனு போட்டிருக்காங்களா?"

"ஓக்ஸ் தம்பி போட்டுடுச்சு. உங்க அப்பா மேசையில கீழ்த் தட்டுல கிடக்கு."

"ஏன் கீழ்த் தட்டுல?"

லாவெர்ன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பனி விழட்டும்னு கிடக்கு, கண்ணு."

கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்டோபர் இரண்டிலிருந்து முப்பது நாள். நவம்பர் முதல் தேதி, வெள்ளிக்கிழமை. தேர்தல் அதற்கு நான்கு நாள் கழித்து. வேட் பெக்கலாவுக்குப் பனி விழாது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். வந்துவிடுவேன் என்று நீங்களே எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். எட்டு ஆண்டு வேண்டுமா? வேண்டும் என்றுதான் நான் வாதிட வேண்டும். பதினாறு ஆண்டில் நான்கு அக்டோபர்கள் இரண்டாகும். இரண்டு வேட்கள் தப்பிப்பார்கள். ஆனால் மிஸ்டர் க்ருகர் கேட்பார், தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எட்டு வருடம் எப்படித் தாங்குவது என்று. அதுவும் நல்ல கேள்விதான். பதில் என்னிடம் இல்லை. கோப்பை மட்டும்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது இவ்வளவு. எட்டானாலும், பத்தானாலும், இருபதானாலும், கடைசியில் ஓர் அக்டோபர் வரும். அந்த அக்டோபரில் யாரோ ஒரு பையன் அந்தக் கூண்டில் நிற்பான். அவன் பெயர் அன்று என்னவாக இருக்கும் என்று நமக்குத் தெரியாது. சீட்டில் எந்தக் கட்டத்தை வேண்டுமானாலும் நிரப்புங்கள். ஆனால் மே மாதத்தில் கைதட்டிய தீர்ப்புக்கு அக்டோபரிலும் கைதட்டுங்கள். அதைச் சத்தமாகத் தட்டுங்கள். முதல் வரிசை வரைக்கும் கேட்கட்டும். கேட்டால் ஒருவேளை அவர் பயப்பட மாட்டார்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பான்கேக் ஆறுவதைப் பார்த்தும் எழுந்துபோகாத தாய்மார்களுக்கும், இவ்வளவு நேரம் ஒலிபெருக்கியைப் பிடுங்காத தலைவர் அவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அனைவருக்கும் வணக்கம்.

முடித்துவிட்டேன் என்று சொன்னபின் ஒரு பேச்சாளர் இன்னும் கொஞ்சம் பேசலாம். அது எனக்குத் தெரிந்த ஒரே மேடைச் சட்டம். இது அப்பாவுக்கு.

அப்பா, நீங்கள் என்னைப் பார்க்காமல் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பரவாயில்லை. நீங்கள் தோற்றுப்போகலாம். இதை நான் இங்கே சொன்னதாலேயே தோற்கலாம். அப்படியானால் ஒரே மாதத்தில், ஒரே வாயால், இரண்டு பேரைக் கெடுத்தவள் ஆவேன். பல் கம்பியோடு இருந்தபோது வாயை மூடச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மிசஸ் பெக்கலாவிடம் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் இருக்கிறதே, அதை நான் திரும்ப வாங்க முடியாது. அதை உண்மையாக்க உங்களால் மட்டும்தான் முடியும். நவம்பர் முதல் தேதி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு லாவெர்ன் அலுவலகத்தைப் பூட்டுவார். அதற்கு முன்னால் அந்தக் கீழ்த் தட்டில் இருப்பதை எடுத்து

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான்.

"மாரிட், விளக்கு எரியுதே, தூங்கலையா? எனக்கும் தூக்கம் வரலை. நாளைக்குப் பேசப்போறதை ஒருதடவை எனக்குப் படிச்சுக் காட்டேம்மா."

அத்தை எழுதிய பேச்சு மேசையில் இருக்கிறது, தட்டச்சு செய்தது, இரண்டே பக்கம். கதவைத் திறக்கப் போகிறேன். நான் இந்தத் தாள்களைத்தான் கையில்